தென்புலத்தார் விட்டுச் சென்ற பக்கங்கள்

ஓர் எழுத்தாளர் இறந்துபோகிறார். தம் புத்தகங்களில் அவர் சேர்க்காமல் விட்ட கதைகள், புனைபெயரில் எழுதிய கட்டுரைகள், மனைவிக்குப் போட்ட கடிதங்கள், பாதியில் நின்றுபோன நாவல் ஆகியவற்றைப் பின்னால் வருகிறவர்கள் தேடியெடுத்து அச்சேற்றுவது அறமா? சட்டத்துக்கு இது சின்னக் கேள்வி. புதுமைப்பித்தன் விஷயத்தில் அது பதிலும் சொல்லிவிட்டது: 2002-இல் தமிழ்நாடு அரசு அவர் எழுத்துகளை நாட்டுடைமை ஆக்கியது, அன்று முதல் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். ஆனால் அச்சிட உரிமை இருப்பதாலேயே அச்சிடுவது தகும் என்றாகிவிடாது. இறந்தவருக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம் என்ற கேள்வி சட்டப் புத்தகங்களைவிடப் பழையது. இல்வாழ்வான் பேண வேண்டியவர்களை வரிசைப்படுத்திய வள்ளுவர், தெய்வம், விருந்து, சுற்றம், தான் என்ற நால்வருக்கும் முன்னால் தென்புலத்தாரை வைத்தார். நம்மிடம் எதையும் கேட்க முடியாதவர்களுக்கு முதலிடம் கொடுத்த அந்த வரிசை எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. அதிலிருந்து தொடங்கினால், சிதறிக் கிடக்கும் எழுத்தைத் தொகுப்பது இருப்பவர்கள் தீர்க்க வேண்டிய கடன் என்ற முடிவுக்கே வர வேண்டியிருக்கிறது. கடன் என்பதால் அதற்கு முறையும் உண்டு. முழுதாக, காலம் குறித்து, அலங்காரம் செய்யாமல் தொகுக்கும்போதுதான் அது தீர்கிறது.

புதுமைப்பித்தனைத் திருநெல்வேலிக்காரர் என்றே உலகம் அறியும். அவர் பிறந்ததோ 1906 ஏப்ரல் 25 அன்று, திருப்பாதிரிப்புலியூரில். புதுச்சேரியின் பாகூர்க் கொம்யூனை விட்டுத் தெற்கே போனால் வரும் கடலூர்தான் அது. தந்தை சொக்கலிங்கம் பிள்ளையின் வருவாய்த்துறை உத்தியோகம் குடும்பத்தைச் செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சி என்று கூட்டிக்கொண்டு அலைந்தது. 1918-இல்தான் திருநெல்வேலி திரும்பினார்கள். விருத்தாசலம் என்று பெயர் வாங்கிய பிள்ளையின் முதல் பன்னிரண்டு வயது, பாகூரையும் வில்லியனூரையும் சூழ்ந்த இந்த நடுநாட்டில் கழிந்திருக்கிறது. மாசி அமாவாசையில் மயானக் கொள்ளை நடக்கும் நாடு இது. கருமாதி இரவில் தெருக்கூத்துக்காரர்களை அழைத்துக் கர்ண மோட்சம் ஆடவைக்கும் வழக்கமும் இங்கே உண்டு. இந்த மண்தான் அவருக்குப் பேய்களைக் கொடுத்தது என்று சொன்னால் அது மிகை. ஆனால் இறந்தவர்களோடு இருப்பவர்களுக்கு இன்னும் கணக்கு முடியவில்லை என்று நம்பும் ஊர்களுக்கு நடுவே அவருக்கு அறிவு வந்தது என்பதை யாரும் மறுக்க முடியாது.

தமிழில் அச்சத்தைக் கலையாக்கியவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் அவர். ‘காஞ்சனை’, ‘செவ்வாய் தோஷம்’, ‘பிரம்ம ராக்ஷஸ்’ என்று அந்த வரிசை நீளும். மேரி ஷெல்லியின் பிராங்கன்ஸ்டைனைப் ‘பிரேத மனிதன்’ என்ற பெயரில் தமிழுக்குக் கொண்டுவந்தவரும் அவரே. ஆனால் நெடுங்காலம் வாசகர்கள் அவரை அறிந்தது ஒரு சில கதைகள் வழியாகத்தான். ‘காஞ்சனை’யை மட்டும் படித்தவருக்கு, எழுதியவர் பேயை நம்பினாரா இல்லையா என்ற கேள்வி தீராது. அந்தக் கதை வேண்டுமென்றேதான் அதைத் தீர்க்காமல் விடுகிறது. வீட்டுக்குள் வந்து சேர்ந்த பெண் யார் என்பதற்கு அங்கே விடை கிடையாது. பகுத்தறிவு பேசும் எழுத்தாளனின் நிச்சயம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதுதான் கதை. அதன் பக்கத்தில் ‘மணிக்கொடி’ இதழின் காலத்துப் ‘பிரம்ம ராக்ஷஸ்’ஸை வைத்துப் பாருங்கள். அங்கே அச்சம் மாய வித்தையாகவும் புராண இருட்டாகவும் வெளியே நிற்கிறது. சில ஆண்டுகளில் அது வாடகை வீட்டுக்குள், கணவனும் மனைவியும் படுத்திருக்கும் அறைக்குள் வந்துவிடுகிறது. மனைவி கமலாவுக்கு எழுதிய கடிதங்கள், ‘கண்மணி கமலாவுக்கு’ என்ற தொகுப்பாக இளையபாரதியின் முயற்சியால் வந்தவை, இந்த நகர்வுக்கு இன்னொரு வெளிச்சம் தருகின்றன. பணமில்லாத தவிப்பும் பிரிவும் நோயும் அவற்றை நிறைத்திருக்கின்றன. பிரியமானவளைக் காக்கத் தன்னால் முடியாமல் போகுமோ என்ற பயம் கடிதத்திலும் இருக்கிறது, கதையிலும் இருக்கிறது. கடிதத்தைக் கொண்டு கதையை விளக்கிவிட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் படித்தவருக்கு அவருடைய அச்சத்தின் எல்லை தெரியாது.

எப்படித் தொகுப்பது என்பதற்குப் பாகூர் மூலநாதர் கோயிலில் ஒரு நல்ல பாடம் இருக்கிறது. பழைய கோயில்கள் எல்லாவற்றுக்கும் போல அதற்கும் மகிமை சொல்லும் மரபுக் கதைகள் உண்டு. அதன் சுவர்களில் கல்வெட்டுகளும் உண்டு. இராட்டிரகூடக் கன்னரதேவன் காலத்தவையும் சோழர் காலத்தவையும் அங்கே இருக்கின்றன. தலபுராணம் இறைவனின் பெருமையைப் பேசும். கல்வெட்டு எந்த அரசன், எத்தனையாவது ஆட்சியாண்டு, யார் எதைக் கொடுத்தார், சபை என்ன முடிவெடுத்தது என்பதைப் பேசும். பக்தருக்குத் தலபுராணம் போதும் என்று தோன்றலாம். ஆனால் அந்தக் கோயில் உண்மையில் எப்படி வாழ்ந்தது என்பதை அறிய, அழகற்ற அந்த வரிகளை எழுத்தெழுத்தாகப் படியெடுத்தவர்களுக்குத்தான் நாம் கடன்பட்டிருக்கிறோம். பெரிய எழுத்தாளர்களைச் சுற்றியும் தலபுராணம் வளர்ந்துவிடும்: வறுமை, மேதைமை, எள்ளல், அகால மரணம். அதைக் கேட்டுக் கேட்டு நமக்குப் பழகிவிடுகிறது. எந்தக் கதை எந்தப் பத்திரிகையில், எந்தத் தேதியில், எந்தப் பெயரில் வந்தது, நூலாகும்போது எந்த வரி மாறியது என்று சொல்லும் பதிப்புதான் கல்வெட்டின் வேலையைச் செய்கிறது. ஆ. இரா. வேங்கடாசலபதி 1998-இல் ‘அன்னை இட்ட தீ’ என்ற தலைப்பில் தொகுக்கப்படாத எழுத்துகளை வெளியிட்டதும், தொடர்ந்து 2000-இல் காலச்சுவடு வழியே கதைகளின் செம்பதிப்பையும், பிறகு கட்டுரைகளையும் மொழிபெயர்ப்புகளையும் கொண்டுவந்ததும் இந்த வகையில் பெரும்பணி. தலைப்புக் கொடுத்த ‘அன்னை இட்ட தீ’யே முடிவுபெறாத நாவல்தான்.

முதல் மறுப்பு இங்கேயே எழும். எதை நூலில் சேர்ப்பது, எதை விடுவது என்று எழுத்தாளரே ஒரு முடிவு எடுத்திருக்கிறாரே, அதை மீறலாமா? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நூலில் இல்லாததெல்லாம் அவர் ஒதுக்கியது என்று எப்படிக் கொள்வது? 1940-இல் முதல் தொகுதி வந்தது. 1948 ஜூன் 30-இல் திருவனந்தபுரத்தில் காசநோயால் இறந்துவிட்டார். நடுவில் இருந்தவை எட்டே ஆண்டுகள். அதிலும் பத்திரிகை வேலையும் சினிமா வேலையும், கடைசியில் ‘ராஜமுக்தி’ படத்துக்காகப் போன புனேயும், அங்கே முற்றிய நோயும். காகிதத் தட்டுப்பாடு இருந்த போர்க்காலம் வேறு. இப்படி ஒருவர் விட்டுவைத்ததில் எது தீர்ப்பு, எது அவகாசமின்மை என்று பிரிக்க யாராலும் முடியாது. மேலும், பத்திரிகையில் அச்சான கதை ஏற்கெனவே ஊருக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. ஆயிரக்கணக்கானோர் படித்ததை, பழைய பத்திரிகைக் கட்டு கிடைக்காத ஒரே காரணத்தால், படிக்கக் கூடாத ஒன்றாக ஆக்கிவிட முடியாது. ‘காஞ்சனை’ தொகுதியின் முன்னுரையில் அவர் தம் எழுத்தைப் பிற்காலத்துக்கான சேமிப்பாகக் கருதவில்லை என்ற பொருளில் எழுதியிருப்பதைச் சிலர் எடுத்துக்காட்டலாம். நாளையப் புகழுக்காக எழுதவில்லை என்பது எழுதியவரின் நேர்மை. நாளை யாரும் படிக்கக் கூடாது என்ற கட்டளை அதில் இல்லை.

கட்டளையே இருந்தால்? அதுவும் நடந்திருக்கிறது. ஈனியட் முடியாத நிலையில் அதை எரித்துவிடச் சொன்னார் வெர்ஜில் என்பது மரபு; அகஸ்டஸ் கேட்கவில்லை. 1924-இல் இறந்த காஃப்கா தம் கையெழுத்துப் படிகளை எரிக்கும்படி எழுதிவைத்தார். நண்பர் மாக்ஸ் பிராட் எரிக்கவில்லை. விளைவு நல்லதாக முடிந்ததால் மீறல் சரியாகிவிடும் என்ற வாதம் எனக்கு ஒப்பவில்லை. அச்சிடாத கையெழுத்துப் படியைப் பற்றித் தெளிவான, உறுதியான சொல் இருந்தால் அது மிகப் பெரிய எடை உள்ளது. அங்கே தொகுப்பாளர் தயங்கத்தான் வேண்டும். புதுமைப்பித்தன் விஷயத்தில் அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை.

இரண்டாவது மறுப்பு புகழைப் பற்றியது. ஆரம்ப எழுத்து பெரும்பாலும் பலவீனமாக இருக்கும்; அதை வெளியிட்டால் மேதையின் மதிப்புக் குறையாதா? அவருடைய முதல் எழுத்தாகச் சொல்லப்படும் ‘குலோப்ஜான் காதல்’ 1933 அக்டோபரில் ‘காந்தி’ பத்திரிகையில் வந்தது. ‘காஞ்சனை’யின் பக்கத்தில் வைத்தால் அது விளையாட்டுப் பிள்ளையாகத் தெரியும். தெரியட்டுமே. அவர் பிறந்த ஊரிலேயே இதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. திருப்பாதிரிப்புலியூரில் இருந்த சமணப் பள்ளியில் தருமசேனர் என்ற பெயரோடு தலைமை தாங்கியவர்தான் பின்னால் திருநாவுக்கரசர் ஆனார்; கல்லோடு கட்டிக் கடலில் போடப்பட்டவர் கரையேறியதும் அங்கேதான் என்று பெரியபுராணம் சொல்கிறது. சேக்கிழார் அந்த முன்வாழ்க்கையை மறைக்கவில்லை. ஆனால் தருமசேனர் என்ன எழுதினார், என்ன வாதித்தார் என்பதற்கு நம் கையில் ஒரு வரிகூட இல்லை. பாடலி என்றும் அழைக்கப்பட்ட அதே ஊரில், சக ஆண்டு 380-இல், அதாவது பொது ஆண்டு 458-இல், சர்வநந்தி என்ற சமண முனிவர் எழுதிய ‘லோகவிபாக’மும் மூலமாகக் கிடைக்கவில்லை, பிற்கால வடமொழி வடிவமே மிஞ்சியது. சைவ அடியாரின் ஆரம்ப எழுத்தைப் பாதுகாக்கச் சைவருக்கும் காரணம் இல்லை, அவரை இழந்த சமணருக்கும் காரணம் இல்லை. தேவாரத்தின் பெருமை அதனால் கூடியதா? இல்லை. ஒரு பெரிய உள்ளம் எங்கிருந்து எங்கே நடந்தது என்ற தடம்தான் அழிந்தது. பாகூரிலும் இப்படித்தான். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8-ஆம் ஆட்சியாண்டில் மூன்று ஊர்களை அங்கிருந்த வித்யாஸ்தானம் என்ற கல்வி நிலையத்துக்குக் கொடுத்த செப்பேடு இருக்கிறது. அங்கே ஓதியவர்களின் எழுத்து என்று எடுத்துக்காட்ட நம்மிடம் ஒன்றும் இல்லை. கொடை தெரிகிறது, கல்வி தெரியவில்லை.

சைவ சித்தாந்தம் வினையைப் பற்றிச் சொல்வதும் இங்கே பொருந்தும். செய்தவன் உடலை விட்டாலும் செய்த வினை பயன் தந்துகொண்டே இருக்கும். எழுத்து இதற்கு மிகத் தெளிவான சான்று. எழுதிய கை எரிந்து சாம்பலான பிறகும் அது நல்லதும் கெட்டதும் செய்கிறது. அப்படியானால், அந்த வினை எந்த வயதில், எந்த நிலையில் செய்யப்பட்டது என்று குறிப்பது இறந்தவருக்குச் செய்யும் நியாயம். ‘ரசமட்டம்’ என்ற பெயரில் இலக்கியத் தழுவல்களை வன்மையாகத் தாக்கி எழுதியவர் புதுமைப்பித்தன். அவர் கதைகளில் சில மாப்பசானைத் தழுவியவை என்ற விவாதமோ அவர் இறந்த பிறகு பல்லாண்டு நீடித்தது. அவருடைய நண்பரும், 1951-இல் வரலாறு எழுதியவருமான தொ.மு.சி. ரகுநாதன், 1999-இல்கூட இதைப் பற்றித் தனி நூல் எழுத வேண்டியிருந்தது. தாக்கிய கட்டுரையும் தழுவியதாகச் சொல்லப்படும் கதையும் தேதியோடு ஒரே இடத்தில் இருந்தால்தான் வாசகர் தாமே தீர்ப்புச் சொல்ல முடியும். ஒன்றை மறைத்தால் அவதூறு வளரும், மற்றதை மறைத்தால் துதி வளரும்.

இதே கேள்வி இன்னும் கூர்மையாக எழுந்தது அமெரிக்காவின் ஹெச். பி. லவ்கிராஃப்ட் விஷயத்தில். 1937-இல் இறந்தபோது அவருடைய அச்சக் கதைகள் பெரும்பாலும் மலிவுப் பத்திரிகைகளில் சிதறிக் கிடந்தன. ஆகஸ்ட் டெர்லெத்தும் டொனால்ட் வாண்ட்ரையும் 1939-இல் ஆர்க்கம் ஹவுஸ் என்ற பதிப்பகத்தையே அதற்காகத் தொடங்கினார்கள். பிற்காலத்தில் அவர் கட்டுரைகளையும் கடிதங்களையும் அயராமல் திரட்டிப் பதிப்பித்தவர் புனேயில் பிறந்த எஸ். டி. ஜோஷி. அந்தக் கடிதங்கள் வழியேதான் லவ்கிராஃப்டின் இனவெறி எவ்வளவு ஆழமானது என்று உலகம் விரிவாக அறிந்தது. 2015-இல் உலகக் கற்பனை இலக்கிய விருதுக்குழு அவர் முகம் கொண்ட சிலையை இனி விருதாகத் தருவதில்லை என்று முடிவெடுத்தது. ஜோஷி தாம் பெற்ற விருதுகளைத் திருப்பிக் கொடுத்தார். ஜோஷியின் கோபத்தோடு எனக்கு உடன்பாடில்லை, அந்த முடிவு சரியானது. ஆனால் அவருடைய உழைப்பின் மேல் என் மரியாதை இதனால்தான் கூடுகிறது. தாம் மிக நேசித்த எழுத்தாளருக்கு எதிரான சாட்சியத்தையும் அவர் குறைக்காமல் அச்சில் கொடுத்தார். 2014-இல் ‘துன்பக்கேணி’, ‘பொன்னகரம்’ கதைகளைச் சென்னைப் பல்கலைக்கழகம் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியபோது தமிழிலும் இத்தகைய விவாதம் வந்தது. தலித் மக்களை அவர் எப்படிச் சித்திரித்தார் என்ற கேள்வி கேட்கப்பட வேண்டியது. அதைக் கேட்பவருக்கும் மறுப்பவருக்கும் முழுத் தொகுப்புத்தான் ஆதாரம்.

இனிக் கடிதங்கள். இது எல்லாவற்றிலும் கடினமானது. கதை ஊருக்கு எழுதப்பட்டது, கடிதம் ஒருவருக்கு. புதுவை மண்ணுக்கு இதில் தனி அனுபவம் உண்டு. பிரெஞ்சுக்காரரிடம் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் தம் இறுதிவரை எழுதிய நாட்குறிப்பு அவர் குடும்பத்தில் கிடந்து, 1846-இல் கலுவா மொம்பிரேன் என்பவரின் கண்ணில் பட்டது. வில்லியனூரும் பாகூரும் 1749-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த காலத்தின் உள்பேச்சை, 1748-இல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்ட வேதனையை, ஒரு தமிழரின் வாயால் கேட்க அதைவிட நெருங்கிய வழி நமக்கு வேறில்லை. அவருடைய பொறாமைகளும் சாதிப் பார்வையும் அதில் அப்படியே இருக்கின்றன. அதை மூடியே வைத்திருந்தால் அவருக்கு என்ன நன்மை விளைந்திருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை; நமக்கு விளைந்திருக்கும் இழப்பு தெளிவாகத் தெரிகிறது. ஆனாலும் நாட்குறிப்பு வேறு, கடிதம் வேறு. கடிதத்தில் பாதி, பெற்றவருடையது. கமலா பத்திரமாக வைத்திருந்ததால்தான் அந்தக் கடிதங்கள் மிஞ்சின. வைத்திருப்பதும் ஒரு முடிவுதான். வேண்டாதவர் அடுப்பில் போட்டிருப்பார். எனவே கடிதங்களைப் பொறுத்தவரை இறந்தவரின் விருப்பத்தைவிட, பெற்றவரின் சம்மதமே அறத்தின் அளவுகோல்.

பகுத்தறிவாளர் இன்னொரு பக்கத்திலிருந்து கேட்பார், பாரதிதாசன் ஊரில் அந்தக் குரல் வலுவானது. செத்தவர் இல்லாதவர், இல்லாதவருக்கு உரிமையும் இல்லை, கடனும் இல்லை, வேண்டுமானால் வரலாற்றுக்காகத் தொகுக்கலாம், தென்புலத்தார் பேச்செல்லாம் எதற்கு? ஆவி உண்டு என்று நான் இங்கே வாதிக்கவில்லை. கருமாதிப் படையல் போடும் மகன் எல்லோரும் அப்பா வந்து சாப்பிடுவார் என்று நம்பிப் போடுவதில்லை. அவரால் இன்னது பெற்றோம் என்று ஊர் முன்னிலையில் ஒப்புக்கொள்கிறான். பெற்றது உண்மையாக இருந்தால் கடனும் உண்மைதான். கொடுத்தவர் இன்று இருக்கிறாரா என்பது அதை மாற்றாது. புதுமைப்பித்தனே இதை யோசித்திருக்கிறார். ‘காலனும் கிழவியும்’ கதையில் உயிரெடுக்க வந்த யமனைப் பார்த்து அந்தக் கிழவி, உன்னால் ஒன்றை வேறொன்றாக மாற்ற முடியும், அடியோடு இல்லாமல் ஆக்க முடியுமா என்ற பொருளில் கேட்கிறாள். யமன் வெறுங்கையோடு போகிறான். அவள் ஆன்மாவைப் பற்றித் தத்துவம் பேசவில்லை. இருந்தது இருந்ததுதான், அதை இல்லாததாக்கும் அதிகாரம் யாருக்கும் இல்லை என்கிறாள். தொகுப்பாளர் நிற்பதும் அந்த இடத்தில்தான்.

இந்தக் கடனில் தீராத பாக்கி ஒன்று இருக்கிறது. கடிதத் தொகுப்பில் நாம் கேட்பது கணவரின் குரல். அந்தக் கடிதங்களைப் பெற்றவரும் எழுத்தாளர்தான். ‘காசுமாலை’ என்ற தொகுதி கமலா விருத்தாசலத்துடையது. கடிதம் பெற்றவராக அவரை எல்லோரும் நினைக்கிறார்கள், கதை எழுதியவராக நினைப்பவர் குறைவு. புதுமைப்பித்தனின் ஒவ்வொரு துணுக்கையும் தேதியோடு தேடிய உழைப்பில் ஒரு பங்காவது கமலா பத்திரிகைகளில் எழுதியதற்கும் கிடைக்க வேண்டும். அவருக்கு வந்த கடிதங்களைக் கொண்டு ஒரு மேதையின் அச்சங்களை அறிந்துகொண்ட நாம், கமலாவின் அச்சங்களை அவர் எழுத்திலேயே படிக்கக் கடன்பட்டிருக்கிறோம்.